கைமாற்று: கன்றுகளின் வயிற்றிலிருந்து ஒரு வரலாறு

படித்ததையும் கேட்டதையும் மனத்துக்குள் மீண்டும் கொண்டுவந்து நிதானமாக எண்ணிப் பார்ப்பதை 'அசைபோடுதல்' என்கிறோம். மாட்டிடமிருந்து மனிதன் கடன் வாங்கிய சொல் அது. பகலெல்லாம் மேய்ந்து வந்த பசு, இரவில் தொழுவத்தில் கால் மடக்கிப் படுத்து, பாதிக் கண்களை மூடியபடி வாயை அசைத்துக்கொண்டிருக்கும் காட்சியைப் போல அமைதியானது வேறொன்றில்லை என்று தோன்றும். அந்த அமைதி வெளியே மட்டும்தான். வளர்ந்த மாட்டின் நான்கு இரைப்பைகளில் முதலாவது, நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளளவுள்ள ஒரு புளிப்புத் தாழி. உள்ளே வெப்பம் ஏறத்தாழ 39 பாகை. உயிர்வளி அநேகமாக இல்லை. அந்தச் சாற்றின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றோடு, அவற்றை விழுங்கி வாழும் ஒற்றைச்செல் உயிர்கள் இலட்சக்கணக்கில் நீந்துகின்றன. மாட்டால் புல்லின் நார்ப்பொருளைச் செரிக்க முடியாது. அதைச் செரித்துத் தருபவை இந்த நுண்ணுயிர்களே.

இவ்வளவு நெருக்கமான குடியிருப்பில் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் இருக்குமா? நம் ஊர்களில் 'கைமாற்று' என்றொரு வழக்கம் உண்டு. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டியும் கிடையாது. அவசரத்துக்கு அண்டை வீட்டாரிடம் வாங்கிக்கொள்வது. பாக்டீரியாக்களும் தம் மரபணுக்களை அப்படிக் கைமாற்றிக்கொள்கின்றன. மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றலைத் தரும் மரபணுக்கள் கால்நடைகளின் குடலில் இவ்விதம் கைமாறுகின்றன என்பதை மனிதன் அறிந்துகொண்ட கதையையும், அறிந்த பின்னும் அவன் நடந்துகொண்ட விதத்தையும் இங்கே எழுத முயல்கிறேன்.

*

பரம்பரை என்றாலே மேலிருந்து கீழ்நோக்கி வருவது என்றுதான் நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம்: பாட்டன், தந்தை, மகன். இந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர் பிரிட்டனின் ஃபிரெடெரிக் கிரிஃபித். நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவில் நோய் தராத உயிருள்ள வகையையும், நோய் தரும் வகையைக் கொன்ற பிணங்களையும் சேர்த்து எலிக்குச் செலுத்தினார். எலி இறந்தது. உயிருள்ள வகை, இறந்ததிடமிருந்து எதையோ பெற்றுக்கொண்டு கொடியதாக மாறியிருந்தது. இது 1928-இல் வெளிவந்தது. அந்த 'எது' டி.என்.ஏ. என்று நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1944-இல் காட்டினார்கள். கிரிஃபித் அதைக் காணவில்லை. 1941-இல் இலண்டன்மீது விழுந்த குண்டுவீச்சில் அவர் இறந்துபோயிருந்தார்.

1946-இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எட்வர்ட் டேட்டமும், உயிருள்ள இரண்டு பாக்டீரியாக்கள் நேரடியாகத் தொட்டுக்கொண்டு மரபணுக்களைப் பகிர்ந்துகொள்வதைக் கண்டறிந்தார்கள். பாக்டீரியாவின் பெரிய நிறப்புரிக்கு வெளியே தனியாகச் சுழலும் சிறு டி.என்.ஏ. வளையங்களுக்கு 'பிளாஸ்மிட்' என்ற பெயரை 1952-இல் வைத்தவரும் லெடர்பெர்க்தான். கைமாற்றில் பெரும்பாலும் போய்வருவது இந்த வளையம்தான். ஆனால் பணக் கைமாற்றுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொடுத்தவர் கையில் பணம் குறைந்துவிடும், இங்கே குறைவதில்லை. கொடுக்கும் பாக்டீரியா ஒரு படியை வைத்துக்கொண்டு மறுபடியைத் தருகிறது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி உறைமோர் கொடுத்தால் நம் வீட்டுத் தயிர் குறைந்தா போகிறது? மறுநாள் இரண்டு வீட்டிலும் தயிர் இருக்கும். மூன்றாம் வீட்டுக்குக் கொடுக்க இரண்டு வீடுகள் ஆயத்தமாயிருக்கும்.

*

இந்த உறைமோர்க் கணக்கு ஒரு நாட்டின் நோய்ப்படுக்கைகளில் தெரியவந்தது ஜப்பானில். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே இரத்தபேதி பரவலாக இருந்தது. சல்ஃபா மருந்துகள் முதலில் கைகொடுத்தன, பிறகு கைவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோரம்ஃபெனிகால் ஆகியவை வந்தன. 1950-களின் நடுவில், இந்த நான்குக்கும் ஒருசேர மசியாத ஷிகெல்லாக் கிருமிகள் நோயாளிகளிடம் காணப்பட்டன. ஒரு மருந்துக்கு எதிர்ப்பு என்பது தற்செயலான மரபணுத் திரிபால் வரலாம். நான்குக்கும் ஒரே நேரத்தில் வருவதை அப்படி விளக்க முடியாது. இன்னொரு புதிரும் இருந்தது. அதே நோயாளிகளின் குடலில் வழக்கமாக வாழும் ஈ. கோலை பாக்டீரியாவும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்தது.

1959-இல் ஒச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே விடை கண்டன. எதிர்ப்புள்ள ஈ. கோலையையும் எதிர்ப்பில்லாத ஷிகெல்லாவையும் ஒரே குழம்பில் வளர்த்தால், சற்று நேரத்தில் ஷிகெல்லாவும் எதிர்ப்புப் பெற்றுவிடுகிறது; நான்கு மருந்துகளுக்கும் ஒரே மூட்டையாக. இனம் விட்டு இனம் பாயும் சொத்து அது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருந்தமையால் வெளியுலகம் உடனே கவனிக்கவில்லை. 1963-இல் சுதோமு வாதனாபே ஆங்கிலத்தில் எழுதிய விரிவான கட்டுரைதான் மேற்கைத் திரும்பிப் பார்க்கவைத்தது. இலண்டனில் நவோமி தத்தா, 1959-இல் ஒரு மருத்துவமனையில் பரவிய சால்மொனெல்லாவைத் தொடர்ந்து ஆராய்ந்து, இதே கைமாற்று பிரிட்டனிலும் நடப்பதை 1962-இல் காட்டியிருந்தார். ஓர் அறிவு எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பது அது உலகைச் சேரும் காலத்தைத் தீர்மானிக்கிறது என்ற உண்மை, மொழித்துறையில் இருக்கும் எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

*

மருந்து எப்படித் தீவனத் தொட்டிக்குள் போயிற்று? அதுவும் ஒரு தற்செயல்தான். 1948-இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் பெஞ்சமின் டகர் கண்டறிந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்து. அதே நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். மருந்து தயாரித்த பின் மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டபோது, வைட்டமினால் மட்டும் விளக்க முடியாத அளவு அவை வளர்ந்தன. சக்கையில் தங்கியிருந்த மருந்தே காரணம். 1950-இல் இச்செய்தி வெளியானது. பிரிட்டன் 1953-இல் ஒரு சட்டம் இயற்றி, பன்றிக்கும் கோழிக்கும் பெனிசிலினையும் டெட்ராசைக்ளினையும் சிறு அளவில், மருத்துவர் சீட்டு இன்றித் தீவனத்தில் கலக்க இடம்கொடுத்தது.

வளர்ந்த மாட்டுக்கு இதைச் செய்வதில் ஒரு தடை உண்டு. வாய்வழி மருந்தைப் பெருமளவில் கொடுத்தால் முதல் வயிற்றின் நுண்ணுயிர்கள் மடிந்து செரிமானமே நின்றுவிடும். கன்றின் நிலை வேறு. பிறந்த கன்றுக்கு முதல் வயிறு இன்னும் பெயரளவுக்குத்தான். குடிக்கும் பால் ஒரு தனி வாய்க்கால் வழியே அதைத் தாண்டி நான்காம் இரைப்பைக்குப் போய்விடுகிறது. எனவே கன்றுகளுக்கு வாய்வழி மருந்து தாராளமாகவே தரப்பட்டது: நோய்க்கும், நோய் வருமோ என்ற அச்சத்துக்கும்.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பால்பண்ணையில் ஆண் கன்று வேண்டாத பிள்ளை. பிறந்த சில நாள்களில், சீம்பாலைக்கூட வயிறாரக் குடித்ததோ இல்லையோ, சந்தைக்குப் போய்விடும். 1960-களின் பிரிட்டனில் வணிகர்கள் பல பண்ணைகளிலிருந்து கன்றுகளை வாங்கி, ஒரே கொட்டடியில் சேர்த்துவைத்து, பிறகு நாடெங்கும் வளர்ப்போருக்கு அனுப்பினார்கள். பல வீட்டுக் கிருமிகள் ஒரே இடத்தில் கூடின. பசியும் பயணமும் கன்றுகளின் எதிர்ப்பாற்றலைக் குறைத்தன. மேலே மருந்து ஊற்றப்பட்டது. கைமாற்றுக்கு இதைவிட வாய்ப்பான சந்தை எது?

*

இலண்டனின் காலிண்டேல் பகுதியில் இருந்த குடல்நோய்க் கிருமி ஆய்வகத்தின் தலைவர் ஈ.எஸ். ஆண்டர்சன். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் சால்மொனெல்லாக் கிருமிகளை, அவற்றைத் தாக்கும் நுண்வைரசுகளைக் கொண்டு வகை பிரித்து எண்ணிடுவது அவரது அன்றாட வேலை. ஊர்ப் பெயரும் வகை எண்ணும் தேதியும் கொண்ட சலிப்பூட்டும் பட்டியல்கள் அவை. ஆனால் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு கதை. 1963-க்குப் பின் சால்மொனெல்லா டைஃபிமூரியத்தின் 29-ஆம் வகை கன்றுகளில் பெருகத் தொடங்கியது. பெருகப் பெருக அதன் எதிர்ப்புப் பட்டியலும் நீண்டது: ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா, டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின், நியோமைசின். அதே வகை மனிதர்களிடமும் தென்பட்டது. கிருமியின் தடத்தைப் பின்தொடர்ந்தபோது அது கன்று வணிகத்தின் பாதைகளில் கொண்டுபோய் நிறுத்தியது. இந்த எதிர்ப்புகளில் பெரும்பாலானவை கைமாற்றத்தக்கவை என்று ஆய்வகத்தில் காட்டிய ஆண்டர்சன், 1965 முதல் இதைத் தொடர்ந்து எழுதினார்.

அவரது கவலை கன்றோடு நிற்கவில்லை. சால்மொனெல்லா டைஃபிமூரியம் தருவது பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கு. அதன் நெருங்கிய உறவான டைஃபாய்டு கிருமிக்கு இந்த மூட்டை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? அப்போது டைஃபாய்டுக்கு நம்பகமான மருந்து குளோரம்ஃபெனிகால். 1972-இல் மெக்சிகோவில் அம்மருந்துக்கு மசியாத டைஃபாய்டு பெருவாரியாகப் பரவியது. அதே ஆண்டு நமக்கு அண்டையிலுள்ள கோழிக்கோட்டிலும் கைமாற்றத்தக்க குளோரம்ஃபெனிகால் எதிர்ப்புள்ள டைஃபாய்டு கிருமி கண்டறியப்பட்டு ஆய்விதழில் பதிவாயிற்று. இவை தொழுவத்திலிருந்து வந்தவை என்று சொல்வதற்கில்லை. மூட்டை எங்கும் போகும் என்பதற்கு அவை சான்று.

இதற்கிடையில் 1967-இன் இறுதியில் இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ்சைடு பகுதியின் மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு பரவியது. காரணம், பல மருந்துகளை எதிர்த்த ஓர் ஈ. கோலை வகை. குழந்தைகள் இறந்தன. அக்கிருமி பண்ணையிலிருந்து வந்தது என்று நிறுவப்படவே இல்லை. ஆனாலும் நாளிதழ்களும் நாடாளுமன்றமும் விழித்துக்கொண்டன. கன்றுகள் இறந்தபோது எழாத கேள்வி, தொட்டில்கள் காலியானபோது எழுந்தது. உயிரியலாளர் மைக்கேல் ஸ்வான் தலைமையில் 1968-இல் குழு அமைக்கப்பட்டது. 1969 நவம்பரில் அறிக்கை வந்தது.

*

ஸ்வான் அறிக்கையின் அடிப்படை ஒரு பிரிவினை. மருந்துகளை அது இரண்டாகப் பிரித்தது: சிகிச்சைக்கானவை, தீவனத்துக்கானவை. மனிதருக்கும் விலங்குக்கும் சிகிச்சையில் பயன்படும் பெனிசிலின், டெட்ராசைக்ளின் போன்றவை கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் தீவனத்தில் சேரக் கூடாது. சிகிச்சையில் பயன்படாதவை தீவனத்தில் தொடரலாம். 1971-இல் இது நடைமுறைக்கு வந்தது. அரசு ஒன்று, ஒரு நுண்ணுயிரியல் உண்மையை ஏற்று வணிகத்தைக் கட்டுப்படுத்திய அரிய தருணம் என்று அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பிரிவினையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. இரண்டுமே சொல்லின் ஓட்டைகள். முதலாவது, 'வளர்ச்சிக்காக' என்று எழுதினால் தடை. 'நோய்த் தடுப்புக்காக' என்று சீட்டில் எழுதினால் அனுமதி. மருந்து அதுவே, கன்று அதுவே, கொட்டடியும் அதுவே. 1970-களின் பின்பகுதியில் டைஃபிமூரியத்தின் 204, 193 ஆகிய வகைகள் பல மருந்து எதிர்ப்போடு பிரிட்டனின் கன்றுகளில் பரவின, மனிதரையும் தொற்றின. 29-ஆம் வகையின் கதை வேறு எண்களோடு மறுபதிப்பானது.

இரண்டாவது ஓட்டை இன்னும் நுட்பமானது. 'தீவனத்துக்கு மட்டுமே' என்று அடையாளமிடப்பட்டவற்றுள் ஒன்று அவோபார்சின். அதன் வேதியமைப்பு, மனித மருத்துவத்தில் பின்னாளில் கடைசித் துணையாகிய வான்கோமைசினின் உறவு. ஒன்றை எதிர்க்கும் மரபணு மற்றதையும் எதிர்க்கிறது. 1990-களில் ஐரோப்பியப் பண்ணைகளில் வான்கோமைசினுக்கு மசியாத என்டெரோகாக்கஸ் பாக்டீரியாக்கள் காணப்பட்டன. டென்மார்க் 1995-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலும் அவோபார்சினைத் தடைசெய்தன. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி சேர்ப்பதையே ஸ்வீடன் 1986-இல் நிறுத்தியிருந்தது. ஒன்றியம் முழுமையும் நிறுத்தியது 2006-இன் முதல் நாளில். மரபணுவுக்குப் புட்டியின்மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கத் தெரியாது. அது மூலக்கூறை மட்டுமே அறியும்.

*

வளர்ந்த மாட்டின் முதல் வயிறு என்ன ஆயிற்று? அங்கும் கைமாற்று நடக்கிறதா என்ற கேள்வி ஆய்வாளர்களை விடவில்லை. 1975-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எதிர்ப்புள்ளதும் இல்லாததுமான ஈ. கோலை வகைகளைச் செம்மறியாடுகளின் முதல் வயிற்றில் நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். நன்றாகத் தின்னும் ஆட்டில் கைமாற்று எளிதில் நடக்கவில்லை. அங்கே செரிமானத்தில் உண்டாகும் அமிலங்கள் ஈ. கோலையை அடக்கிவைக்கின்றன. ஓரிரு நாள் பட்டினி போட்டால் அமிலம் குறைகிறது, ஈ. கோலை பெருகுகிறது, கைமாற்றும் நடக்கிறது. ஓரிரு நாள் பட்டினி என்பது ஆய்வகத்துக் கற்பனை அன்று. சந்தைக்கும் வெட்டுக்கூடத்துக்கும் போகும் வழியில் கால்நடைக்கு நேர்வது அதுதான். கன்று வணிகரின் கொட்டடியிலும் சரி, செம்மறியாட்டின் வயிற்றிலும் சரி, பசியும் பயணமுமே கதவைத் திறக்கின்றன. பட்டினி கிடந்த உயிரின் வயிற்றுக்குள் நமக்கான தண்டனை தயாராகிறது என்று ஒரு நீதிநூல் ஆசிரியர் எழுதியிருந்தால் மிகை என்றிருப்போம்.

ஈ. கோலை முதல் வயிற்றில் சிறுபான்மைக் குடிதான். அங்குள்ள பெருங்குடி, காற்றில் பட்டாலே மடியும் பாக்டீரியாக்கள். அவற்றை வளர்க்கும் நுட்பத்தை ராபர்ட் ஹங்கேட் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கித் தந்திராவிட்டால் இந்த உலகமே நமக்குத் தெரிந்திருக்காது. 1999-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலுள்ள ரோவெட் ஆய்வகத்தினர், புல்லைச் செரிக்கும் ப்யூட்டிரிவைப்ரியோ என்ற முதல் வயிற்றுப் பாக்டீரியாவில் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் ஒரு புதிய மரபணுவைக் கண்டு 'டெட் டபிள்யூ' என்று பெயரிட்டார்கள். அநேகமாக எழுத்துக்கு எழுத்து அதே மரபணு, மனிதப் பெருங்குடலில் வாழும், உறவே இல்லாத பாக்டீரியாக்களிலும் இருந்தது. இருவேறு சுவடிகளில் ஒரே பாடல் எழுத்துப் பிசகாமல் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றது அண்மையில்தான் படியெடுக்கப்பட்டது என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வார். இங்கும் அதே தருக்கம்தான். எது மூலம், எது படி என்பதை மட்டும் அந்த ஒற்றுமை சொல்வதில்லை. மாட்டிலிருந்து மனிதனுக்கு வந்திருக்கலாம். மனிதனிலிருந்து மாட்டுக்கும் போயிருக்கலாம். மூன்றாம் ஒருவரிடமிருந்து இருவரும் பெற்றிருக்கலாம். பண்ணைத் தரப்பினர் இந்த ஐயத்தை நீண்டகாலம் கேடயமாகப் பிடித்தார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு: மனித நோய்களின் எதிர்ப்பில் பெரும்பங்கு மனிதர் விழுங்கிய மருந்தால் விளைந்ததே. ஆனால் பெரும்பங்கு நம்முடையது என்பது சிறுபங்கை மன்னிக்கும் வாதமாகாது.

அடுத்து, பாக்டீரியாக்களை விழுங்கும் ஒற்றைச்செல் உயிர்கள். இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த ஆய்வுகள் வியப்பூட்டுபவை. க்ளெப்சியெல்லாவையும் சால்மொனெல்லாவையும் இந்த உயிர்கள் விழுங்கும்போது, அவற்றின் உள்ளே நெருக்கியடிக்கப்பட்ட நிலையில், ஒன்றின் எதிர்ப்பு மரபணு மற்றதற்குக் கைமாறியது. விழுங்கப்பட்டவை செத்தொழியாமல், கூடுதல் ஆயுதத்தோடு வெளிவந்தன.

ஆய்வகத்தை விட்டு ஒரு வீட்டுக்குப் போவோம். 1998-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அவனைத் தாக்கிய சால்மொனெல்லா, குழந்தைகளின் கடும் தொற்றுக்கு மருத்துவர்கள் நம்பும் செஃப்ட்ரியாக்சோனை எதிர்த்தது. அவன் வீடு ஒரு மாட்டுப் பண்ணை. தந்தை கால்நடை மருத்துவர். அவர் கவனித்துவந்த மாடுகளில் எடுத்த கிருமியும் சிறுவனின் கிருமியும் வேறுபடுத்த முடியாதபடி ஒன்றாக இருந்தன. எதிர்ப்பு மரபணு ஒரு பிளாஸ்மிட்டில் இருந்தது. 2000-இல் மருத்துவ இதழில் வெளியான அந்த அறிக்கையில் பெயர்கள் இல்லை. சிறுவன் பிழைத்துக்கொண்டான். நோயுற்ற கன்றுகளைக் காப்பாற்றப் போராடிய ஒரு தந்தையின் தொழில், அவரறியாமல் அவர் மகனின் படுக்கைவரை வந்து சேர்ந்ததை எண்ணும்போது, இதில் வில்லனைத் தேடுவது எவ்வளவு எளிய வேலை என்பது புரிகிறது. நோயுற்ற கன்றுகளுக்கு மருந்து கொடுக்காவிட்டால் அவை செத்துப்போகலாம்.

*

கதை முடியவில்லை. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கொலிஸ்டின் மருந்தை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டதைப் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் கண்டார்கள். அதுவரை அந்த எதிர்ப்பு கைமாறாது என்றே நம்பியிருந்தோம். 2017-இல் சீனா தீவனத்தில் அம்மருந்தை நிறுத்தியது. 2019 ஜூலையில் இந்திய அரசும் உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டின் பயன்பாட்டைத் தடைசெய்தது. ஸ்வான் அறிக்கைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து.

இவ்வரலாற்றில் அறியாமையால் நேர்ந்த தவறுகள் குறைவு. ஜப்பானியர் 1959-இல் சொன்னார்கள். ஆண்டர்சன் 1965-இல் எழுதினார். அறிவு வந்தபின் செய்தவை சொல் மாற்றங்கள்: வளர்ச்சி என்றிருந்தது தடுப்பு ஆயிற்று, தீவனம் என்றிருந்தது சிகிச்சை ஆயிற்று. உண்மையில் மாறவேண்டியிருந்தவை சீம்பால் குடிக்காத கன்று, நெருக்கிய கொட்டடி, பட்டினிப் பயணம் ஆகியவை. மருந்து அவற்றின்மேல் போர்த்திய துணிதான். சீம்பாலை நிறையக் குடிக்கவிட்டு, பிறந்த பண்ணையிலேயே சில வாரம் வைத்திருந்த கன்றுக்கு அந்தத் துணி அவ்வளவாகத் தேவைப்படாது.

பசு இன்றிரவும் அசைபோடும். அதன் வயிற்றுக்குள் நாம் போட்ட மருந்துக்கு, அங்குள்ள கோடானுகோடி உயிர்கள் தமக்குள் கைமாற்றி ஒரு விடை கண்டிருக்கும். பத்திரம் இல்லாத கடன்தான். ஆனால் கைமாற்று வாங்கியவர்கள் அவர்கள். திருப்பிக் கட்டவேண்டியவர்கள் நாம்.